கண்காணிப்பில் உள்ள வீடு

சைகை டீச்சர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். வீட்டில் இணையம் மெதுவாக வருகிறது என்பதை, இணையம் விற்கிற நிறுவனத்திடமே போய்ச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் புலம்பியிருக்கலாம், சுவரைப் பார்த்துத் திட்டியிருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது. முறைப்படி புகார் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அவர் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவர். அதனால் தெருவுக்கே சைகை டீச்சர். கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு பேரின் கைபேசிகளுக்கும் சேர்த்து ஒரே திட்டம், ஒரே வாடிக்கையாளர் எண். வேறு வழியில்லை. அந்தப் பகுதியில் கம்பி இழுத்திருப்பது அந்த ஒரு நிறுவனம்தான். 'கண் இமைக்கும் முன்னே' என்று ஊர் முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். "இமைக்காமப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு உலர்ந்து கடைசியில என்கிட்டதான் வரணும்" என்பார் கண்ணாடிக்கடைக்காரர்.

புது மடிக்கணினி வாங்கியது டீச்சரின் தம்பிக்காக. தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ரயிலில் இரண்டு நாள் தூரத்தில், ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், வெட்டு இயந்திரம் ஓட்டுகிறான். போன மாதம் அந்த இயந்திரத்தின் மோட்டார் கருகிப்போனது. எச்சரிக்கை மணி நான்கு நிமிடம் அடித்தும் அவன் அலட்சியமாக இருந்தான் என்று தொழிற்சாலை அவன்மேல் குற்றம் எழுதியது. காது கேட்காதவன் மணியை அலட்சியம் செய்தான் என்று எழுதிய அந்தக் கை கூசவில்லை. கீழே முத்திரை கூடக் குத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அவன் பேசுவது பாதி பள்ளிக்கூடத்துச் சைகை, பாதி அக்காவும் தம்பியும் சின்ன வயதில் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டது. அதை வேறு யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது. வெளியாட்களைத் தொழிற்சாலைக்குள் விடுவதில்லை என்பதால், அக்கா காணொளி வழியாகச் சொல்லலாம் என்று பெரிய மனது பண்ணி அனுமதித்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்பு கிடைக்காவிட்டால், பதில் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். கடிதத்தில் அதுவும் இருந்தது.

கைபேசித் திரையில் தம்பியின் விரல்கள் எறும்பு அளவுதான் தெரியும். அதனால் திங்கட்கிழமை டீச்சர் மடிக்கணினி வாங்கினார். கண்ணாடிக்கடைக்காரர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, டீச்சரின் கைகள் நன்றாகத் தெரிகிற மாதிரி விளக்கைத் திருப்பி வைத்தார். ஆறு மணிக்கு ஒத்திகைக்காகத் தம்பியை அழைத்தார்கள். தம்பி வந்தான், சிரித்தான், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்தான். விளக்கு என்று அர்த்தம். அப்படியே நின்றுவிட்டான். கையைத் தூக்கியபடி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். படம் மறுபடி அசைந்தபோது தம்பி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, புரிந்ததா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் புரியலடா" என்று டீச்சர் கைகளால் சொன்னார். அதுவும் அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

உடனே நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினார். இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். தேனாகத்தான் பேசினாள்.

"புது மடிக்கணினியா மேடம்? அதான். உங்க வீட்டு ரூட்டர் பழசு. பழைய ரூட்டருக்குப் புது மடிக்கணினி ஒத்துக்காது."

"எங்க வீட்டுக்காரர் கடையில பழைய கணினி ஒண்ணு இருக்கு. அதை வெச்சுப் பாக்கட்டுமா?"

"பழைய கணினிக்கு எங்க புது வேகம் ஒத்துக்காது மேடம். ரூட்டரை அணைச்சுட்டு முப்பது வரைக்கும் எண்ணிட்டுப் போடுங்க."

டீச்சர் அணைத்தார், எண்ணினார், போட்டார். பெண் அவரை அடுத்த பிரிவுக்கு மாற்றினாள். அங்கே ஓர் ஆண், அணைத்துவிட்டு முப்பது வரை எண்ணச் சொன்னான். இப்போதுதான் எண்ணினேன் என்றார் டீச்சர். "அது அவங்க பிரிவுக்கு எண்ணினது மேடம். எங்க பிரிவுக்குத் தனியா எண்ணணும்" என்றான். இப்படி நான்கு பிரிவுக்குமாக நூற்றிருபது வரை எண்ணிய பிறகு புகார் பதிவானது. வேகம் குறைவு என்பதற்கு ஆதாரமாக ஒரு காணொளி எடுத்து, அரை மணிக்குள் இணையம் வழியாக அனுப்பச் சொன்னார்கள்.

டீச்சர் எடுத்து அனுப்பினார். அது ஊர்ந்து ஊர்ந்து போனது. பாதி வழியில் அரை மணி முடிந்துவிட்டது. 'ஆதாரம் வந்து சேராததால் தங்கள் புகார் வெற்றிகரமாக முடிக்கப்பட்டது' என்று கைபேசியில் செய்தி வந்தது. கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு, திருப்தியா என்று கேட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் மறுபடி புகார் செய்தார். வேகம் திங்கட்கிழமையைவிட மோசமாக இருந்தது. இப்போது கைபேசியிலும் படம் நகரவில்லை. கண்ணாடிக்கடையிலும் அதே கதை. மாடி வீட்டுக்காரரிடம் கேட்டு அவருடைய இணைப்பைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் நடைப்பிணமாக இருந்தது. "மூணு வருஷமா இப்படித்தானே இருக்கு" என்றார் மாடி வீட்டுக்காரர். "இதுதான் வேகம்னு மனசைத் தேத்திக்கிட்டு இருக்கேன்."

புதன்கிழமை ஏணிக்காரர் வந்தார். நிறுவனத்தின் சட்டை போட்டு, தோளில் ஏணியோடு தெருத்தெருவாகப் போகிற மனிதர். பாவம், அவர் முகத்தில் எவ்வளவோ வீடுகளின் வசவு படிந்திருந்தது. ஏணியில் ஏறி வெளியே கம்பத்துப் பெட்டியில் தன் கருவியைச் செருகி அளந்தார். முழு வேகம் காட்டியது. டீச்சரைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

"கம்பத்துல வேகம் இருக்கு சரி. நான் கம்பத்துல ஏறியா என் தம்பிகிட்ட பேசணும்?" என்று கேட்டார் டீச்சர்.

"அளக்க வேண்டிய இடம் கம்பம்தான்னு விதி. வீட்டுக்குள்ள அளந்தா வீட்டைப் பொறுத்து மாறும்."

"வீட்டுக்குள்ளதானே விக்கறீங்க?"

ஏணிக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். உள்ளே வந்து ஒரு படிவத்தை நிரப்பினார். வீட்டில் மீன்தொட்டி உண்டா, நிலைக்கண்ணாடி எத்தனை, மடிக்கணினி வாங்கி முப்பது நாள் ஆகிவிட்டதா. இரண்டு நாள்தான் ஆகிறது என்றதும், 'மடிக்கணினி இன்னும் பழகவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். அப்படி ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் அச்சாகவே இருந்தது. அதை யோசித்து, அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பி வைத்தவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என் கடைக்கு வந்து எழுத்து தெரியலன்னு சொன்னா, நான் கண்ணாடியை மாத்துவேன். உங்க கண்ணு இன்னும் பழகலன்னு சொல்லி அனுப்ப மாட்டேன்" என்றார்.

ஏணிக்காரர் எழுந்து வாசல் வரைக்கும் போனார். போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், மனசு கேக்கல, சொல்றேன். புது மடிக்கணினி முதல் நாள் தனக்கு வேண்டியதை எல்லாம் தானே இறக்கிக்கும். அதனாலதான் திங்கட்கிழமை மெதுவா இருந்திருக்கும். நீங்க சும்மா இருந்திருந்தா ராத்திரி சாப்பாட்டுக்குள்ள அது பாட்டுக்கு சரியாயிருக்கும்."

"சரி. இன்னிக்கு புதன்கிழமை. இன்னிக்கும் ஏன் மெதுவா இருக்கு?"

"அதை நான் சொல்லக்கூடாது. ஆபீஸ்ல போய்க் கண்காணிப்புன்னு கேளுங்க. நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

வியாழக்கிழமை காலை டீச்சர் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். குளிர்சாதனம் போட்ட பெரிய கூடம். ஒரு பக்கம் முப்பது நாற்காலிகளில் டோக்கனோடு காத்திருக்கும் ஜனங்கள். எதிர்ப்பக்கம் ஒரு மெத்துமெத்தென்ற நீல சோபா, அதற்கு முன்னால் கண்ணாடி மேசை, மேலே பலகை: 'வந்து அமருங்கள், எங்கள் வேகத்தை அனுபவியுங்கள்.' கடவுச்சொல் கூடச் சுவரில் எழுதியிருந்தது. பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரூட்டர் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. சோபாவில் ஒரு ஈ கூட உட்கார்ந்திருக்கவில்லை. வேகம் இல்லாதவர்கள் எல்லாம் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து டீச்சரை வட்டார மேலாளரின் அறைக்குள் விட்டார்கள். மேலாளர் வாசனையான மனிதர். கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"கண்காணிப்பு எங்க நிறுவனத்தோட பெருமை மேடம்" என்று ஆரம்பித்தார். "மத்த இடத்துல எல்லாம் புகார் குடுத்தா வந்து சரி பண்ணிட்டுப் போயிடுவாங்க. அதோட மறந்துடுவாங்க. நாங்க அப்படி விட்டுட மாட்டோம். புகார் வந்த நிமிஷமே அந்த வாடிக்கையாளர் எண்ணை ஏழு நாள் கண்காணிப்புல வெச்சுடுவோம். வேகம் ஏறி இறங்கிக்கிட்டு இருந்தா எப்படிக் கண்காணிக்கறது, சொல்லுங்க? ஓடற ஆளை நிறுத்தாம நாடி பாக்க முடியுமா? அதனால வேகத்தை ஒரே சீரா குறைச்சு வெச்சுடுவோம். அப்புறம் பாருங்க, கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும். ஏத்த இறக்கமே இருக்காது. எங்க திரையில பாக்கவே அவ்வளவு அழகா இருக்கும்."

"அதாவது, மெதுவா இருக்குன்னு சொன்னவங்களுக்கு இன்னும் மெதுவாக்கறீங்க."

"நிலையாக்கறோம்."

"நான் ரெண்டு தடவை புகார் குடுத்தேன்."

"அப்ப பதினாலு நாள். இப்ப நேர்ல வந்து கேட்டிருக்கீங்க. இதையும் பதிஞ்சுடுவோம், விட்டுட மாட்டோம். இருபத்தொண்ணு."

டீச்சர் விசாரணைக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நாளைக்குப் பத்து மணி என்றார். தம்பியின் வேலை என்றார். சைகை என்றால் என்ன, ஒரு கணம் கை நின்றுபோனால் ஒரு வாக்கியமே போய்விடும் என்பதையெல்லாம் சொன்னார். மேலாளர் மிகுந்த பரிவோடு தலையை ஆட்டிக்கொண்டே கணினியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழி இல்லாம இல்ல. 'என் இணைப்பில் எப்போதும் எந்தக் குறையும் இருந்ததில்லை, அறியாமையால் புகார் அளித்தேன்'னு ஒரு படிவம் இருக்கு. அதுல கையெழுத்துப் போட்டா கண்காணிப்பை எடுத்துடுவோம்."

பொய் எழுதும் பிள்ளைகளை நிற்க வைத்து நூறு முறை உண்மையை எழுதச் சொல்கிறவர் டீச்சர். ஆனாலும் தம்பியின் முகம் கண்ணுக்குள் நின்றது. "குடுங்க, போடறேன்" என்றார்.

"நல்லது. நீங்க போட்டதும் ஒரு ஊழியர் உங்க வீட்டுக்கு வந்து, குறை உண்மையிலேயே இல்லையான்னு பாப்பார். வேகம் சரியா இருந்தா படிவத்தை ஏத்துக்குவோம்."

"நீங்கதான் வேகத்தைக் குறைச்சு வெச்சிருக்கீங்களே. எப்படிச் சரியா இருக்கும்?"

மேலாளர் மோட்டுவளையைப் பார்த்தார். "இதுவரைக்கும் அந்தப் படிவத்தை ஏத்துக்கிட்டதில்லதான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா எங்க வாடிக்கையாளர்கள்ல நூத்துக்கு நூறு பேர் திருப்தியா இருக்காங்க மேடம்."

"வெளிய முப்பது பேர் உக்காந்திருக்காங்களே."

"அவங்க கண்காணிப்புல இருக்காங்க. கண்காணிப்பு முடியற வரைக்கும் அவங்களை வாடிக்கையாளர் கணக்குல சேக்கறதில்ல."

டீச்சர் நேராக வீட்டுக்குப் போனார். மாடி வீட்டுக்காரரை மாடிப்படியில் பார்த்ததும், "நீங்க எப்பவாவது புகார் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் யோசித்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை கொடுத்ததாகவும், அப்புறம் வாரம் ஒரு தடவை 'என் புகார் என்ன ஆச்சு' என்று கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஏழு நாள் ஏறிக்கொண்டே போயிருக்கிறது என்று டீச்சர் அவருக்கு எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் அப்படியே மாடிக்குப் போய்ப் பழைய புகார்த் தாள்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கு, அலுவலகம் திறந்தவுடன், டீச்சர் உள்ளே போனார். பின்னால் கண்ணாடிக்கடைக்காரர் மடிக்கணினியையும் வெள்ளைத் துணியையும் தூக்கிக்கொண்டு வந்தார். டீச்சர் டோக்கன் எடுக்கவில்லை. நேராகப் போய் அந்த நீல சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கடைக்காரர் பின்னால் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரில் இருந்த கடவுச்சொல்லைப் போட்டதும் இணைப்பு வந்தது.

வாசலில் இருந்த காவலாளி ஓடி வந்தார். "அம்மா, இங்க உக்காரக் கூடாது."

டீச்சர் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். காவலாளி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார், அப்புறம் இன்னொரு தடவை படித்தார். "உக்காருங்க அம்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கே போய்விட்டார்.

பத்து மணிக்குத் திரையில் விசாரணை அதிகாரி வந்தார், மேற்பார்வையாளர் வந்தார், ஓரத்து நாற்காலியில் தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவன் சட்டைப் பொத்தான் கூடத் தெரிந்தது. ஐந்து நாளாகக் கேட்ட வேகம் இதோ, இந்தக் கூடத்தில், யாருமே உட்காராத சோபாவுக்கு முன்னால், ஒரு நாள் விடாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சருக்கு அதை நினைத்தால் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. மொழிபெயர்க்கிறவர் தன் சொந்தச் சொல் ஒன்றைக்கூட நடுவில் போடக் கூடாது.

"எச்சரிக்கை மணி அடிச்சும் ஏன் இயந்திரத்தை நிறுத்தலன்னு கேளுங்க" என்றார் விசாரணை அதிகாரி.

டீச்சர் கேட்டார். தம்பியின் கைகள் எழுந்தன. அவன் கைகள் சொல்லச் சொல்ல, டீச்சர் அதை உரக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பின் முறைப்படி, நான் என்றே சொன்னார்.

"எனக்கு மணி கேக்காது. வேலைக்கு சேந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். அதனால எனக்காக இயந்திரத்துக்கு மேல ஒரு சிவப்பு விளக்கு வெச்சீங்க. அந்த விளக்கு ரெண்டு மாசமா எரியல."

கூடத்தில் பேச்சுச் சத்தம் குறைந்தது.

"நான் சொன்னேன். கையால சொன்னேன், யாருக்கும் புரியல. படம் வரைஞ்சு குடுத்தேன். சீட்டு எழுதிக் குடுத்தேன். மூணு தடவை குடுத்தேன்."

மேற்பார்வையாளர் குறுக்கே வந்தார். மூன்று புகார்களும் முடிக்கப்பட்டவை என்றார். தொழிலாளியின் கையெழுத்தே இருக்கிறது என்று மூன்று தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

தம்பி அதைப் பார்த்தான். அவன் கைகள் வேகமாக அசைந்தன. டீச்சரின் குரலும் கூடவே ஏறியது.

"சீட்டை வாங்கிக்கிட்டாங்கன்னு கையெழுத்துப் போட்டேன். முடிஞ்சுதுன்னு மேல எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. விளக்கு எரியல. எரியாத விளக்குக்கு எப்படி முடிஞ்சுதுன்னு எழுதினீங்க? யாராவது ஒருத்தர் வந்து மேல பாத்தீங்களா? தலையைத் தூக்கிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் சோபாவின் பக்கம் திரும்பிவிட்டார்கள். "எனக்கும் அப்படித்தான் வாங்கினாங்க கையெழுத்து" என்று யாரோ சொன்னார்கள். "எனக்கும்" என்றது இன்னொரு குரல்.

"அங்க யார் பேசறது?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"இங்க வேற ஒரு புகாருக்காகக் காத்திருக்கறவங்க சார்" என்றார் டீச்சர்.

அப்போதுதான் வட்டார மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். சோபாவைப் பார்த்தார். துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "அந்த இணைப்பை நிறுத்து" என்று முகப்பில் இருந்த ஊழியரிடம் சொன்னார்.

"முடியாது சார். பெட்டிச் சாவி தலைமையகத்துல இருக்கு."

"அப்ப வேகத்தைக் குறை."

"அதுக்கு இந்த இணைப்பு மேல ஒரு புகார் பதியணும் சார். பதிஞ்சா உடனே கண்காணிப்புக்குப் போயிடும், தானா குறைஞ்சுடும்."

"பதி. நான் குடுக்கறேன் புகார்."

ஊழியர் தயங்கினார். "டோக்கன் இல்லாம புகார்ப் பக்கம் திறக்காது சார். நீங்க வகுத்த முறைதான்."

மேலாளர் விடுவிடு என்று போய் டோக்கன் எடுத்தார். முப்பத்தைந்து வந்தது. முகப்பில் ஓடிக்கொண்டிருந்த எண் நான்கு. மேலாளர் நாற்காலிகளின் பக்கம் திரும்பி, அவசரம், யாராவது ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. காலையிலேயே வந்து ஐந்தாம் எண்ணோடு காத்திருந்த மாடி வீட்டுக்காரர் எழுந்து முகப்புக்குப் போனார்.

"வரிசையில வாங்க சார்" என்றார் மேலாளரைப் பார்த்து. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். "மூணு வருஷம். நூத்தம்பத்தாறு தடவை கேட்டிருக்கேன். ஒண்ணொண்ணா ஆரம்பிக்கலாம். முதல்ல முதல் புகார்."

அவர் எட்டாவது தாளுக்கு வந்தபோது விசாரணை முடிந்தது. விளக்கைத் தானே போய்ப் பார்ப்பதாக அதிகாரி சொன்னார். தம்பி அக்காவைப் பார்த்துக் கையை மார்பில் வைத்தான். திரை அணைந்தது.

டீச்சர் எழுந்து மேலாளருக்கு எதிரே வந்து நின்றார்.

"இவ்வளவு நேரம் என் தம்பி சொன்னதைச் சொன்னேன். இப்ப நான் சொல்றேன். என் பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைங்க இருக்காங்க. ஒருத்தருக்கும் காது கேக்காது. எதிர்ல இருக்கறவங்க பேசினா முகத்தைப் பாக்கணும், புரியலன்னா திருப்பிக் கேக்கணும்னு முதல் வாரத்துலயே கத்துக்கறாங்க. ஆறு வயசுப் பிள்ளைங்க. உங்களுக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கு, குளுகுளுன்னு ஒரு அறையும் குடுத்திருக்காங்க. உங்களுக்கு வரல. வெக்கமா இல்லையா?"

மேலாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "இதைப் புகாராப் பதிஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

ஆறு நாள் கழித்து, நிறுவனத்திடமிருந்து டீச்சருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது.

'கடந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி முதல் பத்து ஐம்பது வரை, தாங்கள் குறிப்பிட்ட அதே புதிய மடிக்கணினியில், எங்கள் இணையத்தைத் தடையின்றி முழு வேகத்தில் பயன்படுத்தியது எங்கள் கண்காணிப்பில் உறுதியாகியுள்ளது. ஆகவே தங்கள் புகார் உண்மைக்குப் புறம்பானது என முடிவு செய்யப்பட்டு, வெற்றிகரமாக முடிக்கப்பட்டது. பொய்ப் புகார் அளித்தமைக்காகத் தங்கள் இணைப்பு மேலும் முப்பது நாள் கண்காணிப்பில் வைக்கப்படுகிறது.'

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இன்னொரு தடவை படித்தார். எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கே மாலையில் தம்பியிடமிருந்து இரண்டு வரிச் செய்தியும் ஒரு படமும் வந்தன. குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள், வேலை இருக்கிறது, படத்தைப் பார் என்று எழுதியிருந்தான். டீச்சர் படத்தைத் திறந்தார். அது மேலிருந்து விரல் அகலமாக விரிந்தது. முதலில் தொழிற்சாலையின் தகரக் கூரை வந்தது. கால் மணி கழித்து ஒரு குழாய் வந்தது. பிறகு ஒரு கம்பி தொங்கியது. அந்தக் கம்பியின் முனைக்கு வரும் முன் படம் நின்றுவிட்டது.

டீச்சர் மடிக்கணினியை மூடி, கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் எங்கே என்று கேட்கவில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

அலுவலகத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். 'சோபாவில் அமர விரும்புவோர் டோக்கன் பெறவும்.' ஒருவர் கூட டோக்கன் எடுத்ததாகத் தெரியவில்லை. மூன்று பேர் உட்காரும் சோபாவில் எட்டுப் பேர் மடிக்கணினியும் கையுமாக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கைப்பிடியில் இரண்டு பேர், தரையில் நான்கு பேர். மேலாளர் தன் அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அவர்களைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி உக்காருங்கப்பா, டீச்சர் வந்துட்டாங்க" என்றார் மாடி வீட்டுக்காரர்.

தள்ளி உட்கார்ந்தார்கள். டீச்சர் மடிக்கணினியைத் திறந்தார். படம் சட்டென்று முழுசாக விரிந்தது. வெட்டு இயந்திரத்துக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் தம்பி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்தபடி நின்றான். அவன் கை அப்படியே நின்றதற்கு இந்தத் தடவை நிறுவனம் காரணமில்லை.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். பார்த்து முடித்த பிறகும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.